ஐந்தாண்டு வாழ்ந்த வார ஏடு

இம்மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த மன்றச் செயலாளர், "விஞ்ஞான மாணவர் ஆயிற்றே, அணுவைப் பற்றியோ, விண்வெளியைப் பற்றியோ எழுதித் தாருங்கள்" என்றார். அணுவைப் பற்றி எழுதுவதற்குத்தான் தேர்வுத் தாள்கள் இருக்கின்றன. ஆகையால் வேதியியலை ஒரு பக்கம் வைத்துவிட்டு, எங்கள் ஊர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு பத்திரிகையின் கதையை எழுதுகிறேன் என்றேன். அவர் சற்றே தயங்கினார். பிறகு, "சரி, சுவையாக இருந்தால் போதும்" என்று சொல்லிப் போனார். சுவையாக இருக்குமோ இருக்காதோ, உண்மையாக இருக்கும் என்ற உறுதியை மட்டும் நண்பர்களுக்குத் தருகிறேன்.

என் ஊர் திருப்புறம். நெய்யாற்றங்கரையிலிருந்து பூவாறு செல்லும் பக்கத்தில், தென்னையும் வாழையும் மரவள்ளியும் சூழ்ந்த சிற்றூர். தென்கிழக்கே பாறசாலை, அதைத் தாண்டினால் களியக்காவிளை, அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடும். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் எங்கள் குடும்பம் அக்கோட்டினால் பிரிக்கப்பட்ட குடும்பம் அன்று. பிழைப்புக்காக அக்கோட்டைக் கடந்து வந்த குடும்பம். முப்பது ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலிச் சீமையிலிருந்து என் தந்தை ஒரு துணிப்பையோடு வந்து, நெய்யாற்றங்கரையில் ஒரு சிறிய அச்சுக்கூடத்தில் கம்பாசிட்டராகச் சேர்ந்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படியை முதன்முதல் மிதித்தவர் அவரே. அதுவும் ஆறாம் வகுப்போடு நின்றது. மலையாள எழுத்தை அவர் எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை. அச்செழுத்துகள் இடவலம் மாறித்தானே வார்க்கப்பட்டிருக்கும்? கண்ணாடியில் தெரியும் உருவம்போல் மாறிக் கிடந்த அந்த ஈயத் துண்டுகளைப் பார்த்தே அவர் மலையாளம் படித்தார். நேரான மலையாளம் அவருக்குப் பிறகுதான் பழகியது!

அவர் வாயிலாகத்தான் 'சுதேசாபிமானி' என்ற பெயரை முதன்முதல் கேட்டேன். அச்சுக்கூடத்துப் பெரியவர்கள் அப்பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்களாம், கோயிலில் பேசுவதுபோல. பின்னர்ப் பள்ளியில் வினாடி வினாப் போட்டிகளில் அப்பெயர் வந்தது. "நெய்யாற்றங்கரை பெற்ற வீரர் யார்?" "சுதேசாபிமானி இராமகிருஷ்ண பிள்ளை!" அவ்விடை எனக்கு இரு முறை பரிசு வாங்கித் தந்திருக்கிறது. அந்த விடை பாதி உண்மை என்பதை இப்போதுதான் அறிகிறேன்.

'சுதேசாபிமானி' முதலில் ஒரு மனிதரின் பெயர் அன்று. அது ஒரு வாரப் பத்திரிகையின் பெயர். பத்திரிகை மறைந்த பிறகு அதன் பெயர் ஆசிரியரின் மேல் ஏறி நின்றுவிட்டது. அவ்வாறு ஏறியபோது அதைத் தோற்றுவித்த இன்னொருவரின் பெயர் பின்னுக்குப் போய்விட்டது. அவரிடமிருந்து கதையைத் தொடங்குவதே முறை.

வக்கம் என்பது திருவனந்தபுரத்துக்கு வடக்கே, சிறையின்கீழ் வட்டத்தில், காயற்கரையில் உள்ள ஊர். அங்கே 1873-ஆம் ஆண்டில் ஒரு செல்வாக்குள்ள முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் அப்துல் காதர் மௌலவி. அக்குடும்பத்தின் வேர்களில் ஒன்று மதுரையைச் சார்ந்தது என்று கூறுவர். அரபு, பாரசீகம், உருது, சமஸ்கிருதம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழையும் அவர் கற்றார். கெய்ரோ நகரிலிருந்து வந்த 'அல் மனார்' என்னும் சீர்திருத்த இதழை ஆர்வத்தோடு படித்து வந்தார். தம் சமுதாயத்தார் கல்வியில் பின்தங்கி, மூட வழக்கங்களில் கட்டுண்டு கிடப்பதைக் கண்டு வருந்தினார். சமுதாயத்தைத் திருத்துவது ஒரு புறம் இருக்க, நாட்டை ஆள்வோரைத் தட்டிக் கேட்கவும் ஓர் ஏடு வேண்டும் என்று துணிந்தார். இங்கிலாந்திலிருந்து அச்சு யந்திரம் வரவழைத்தார். 1905-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் நாள் 'சுதேசாபிமானி' முதல் இதழ் வெளிவந்தது. முதல் ஆசிரியர் சிறையின்கீழ் சி. பி. கோவிந்த பிள்ளை.

வெளிவந்த இடம் எது என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். சொந்த ஊராகிய வக்கத்தில் அன்று. அருகில் இருந்த அஞ்சுதெங்கில். கடலுக்கும் காயலுக்கும் இடையே கிடக்கும் அந்தச் சிறு துண்டு நிலத்தைப் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலக் கம்பெனியார் ஆற்றிங்கல் இராணியிடமிருந்து பெற்றுக் கோட்டை கட்டிக்கொண்டனர். எனவே சுற்றிலும் திருவிதாங்கூர் இருக்க, அஞ்சுதெங்கு மட்டும் பிரிட்டிஷ் மண். திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆணை அங்கே செல்லாது. திவானை எதிர்த்து எழுத நினைப்பவனுக்கு அதைவிட ஏற்ற இடம் எது? எல்லையோரத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தந்திரம் உடனே விளங்கும். எங்கள் பக்கத்தில் அரிசிக்கும் சாராயத்துக்கும் பயன்பட்ட தந்திரம்தான். மௌலவி அதை எழுத்துக்குப் பயன்படுத்தினார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இங்கே நம் மனம் பாரதியாரை நினைக்காமல் இராது. அவருடைய 'இந்தியா' வார இதழ் 1906-இல் சென்னையில் தொடங்கியது. 1908-இல் அடக்குமுறை மிகவே, புதுச்சேரிக்குப் போயிற்று. பிரெஞ்சு மண்ணில் நின்று கொண்டு ஆங்கில அரசைச் சாடியது. 1910-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தோடு நின்றது. 'இந்தியா' எல்லைக்கு வெளியே ஓடித் தப்பிய ஏடு. 'சுதேசாபிமானி' செய்ததோ நேர்மாறு. எல்லைக்கு வெளியே பிறந்துவிட்டு, தானாகவே உள்ளே நடந்து வந்தது.

1906 ஜனவரியில் கே. இராமகிருஷ்ண பிள்ளை ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். அச்சுக்கூடம் வக்கத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு, 1907-இல், தலைநகராகிய திருவனந்தபுரத்துக்கே போயிற்று. புலியைப் பற்றி எழுதுபவன் புலியின் குகை வாசலில் கடை விரித்ததுபோல!

இராமகிருஷ்ண பிள்ளை 1878-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் நெய்யாற்றங்கரையை அடுத்த அதியன்னூரில் பிறந்தவர். கல்லூரியில் படிக்கும்போதே பத்திரிகைப் பித்துப் பிடித்தவர். 'கேரள தர்ப்பணம்', 'கேரள பஞ்சிகை', 'மலையாளி' என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆசிரியராய் இருந்து பழகியவர். 'சுதேசாபிமானி'க்கு வரும்போது வயது இருபத்தேழு. நம்மில் பலருக்கு அந்த வயதில் ஆராய்ச்சிப் பட்டமே முடிந்திராது.

மௌலவிக்கும் அவருக்கும் இருந்த ஏற்பாடு வியக்கத்தக்கது. பணம் மௌலவியுடையது, யந்திரம் மௌலவியுடையது, வழக்கு வந்தால் இழப்பு மௌலவியுடையது. எழுத்து மட்டும் முழுவதும் ஆசிரியருடையது. "இதை எழுதாதே" என்று உரிமையாளர் சொல்வதில்லை. நம் மன்ற மலரின் நாற்பது பக்கத்துக்கே எத்தனை பேர் ஒப்புதல் வேண்டியிருக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். (இதைச் சொல்வதால் செயலாளர் இக்கட்டுரையைக் குறைத்துவிட மாட்டார் என்று நம்புகிறேன்.) ஒரு முஸ்லிம் சீர்திருத்தவாதி முதலீடு செய்ய, ஒரு நாயர் ஆசிரியர் அச்சமின்றி எழுத, சாதியும் சமயமும் குறுக்கே நிற்காமல் ஓர் ஏடு நடந்தது என்பது இன்றைக்கும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

அக்காலத்துத் திருவிதாங்கூர் எப்படி இயங்கியது என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அரியணையில் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா. அவருக்குப் பக்கத்தில் ஆங்கிலேய ரெசிடெண்டு. நாட்டை உண்மையில் நடத்துபவர் திவான். 1904-இல் பிரஜா சபை ஒன்று ஏற்பட்டிருந்தது. ஆனால் அது குறைகளை எடுத்துரைக்கும் இடம், ஆட்சியை மாற்றும் இடம் அன்று. 'சுதேசாபிமானி' இதழ்தோறும் உத்தியோகஸ்தர்களின் கைக்கூலியையும், அரண்மனைச் சூழ்ச்சிகளையும், வீண் செலவுகளையும் பெயர் சொல்லி எழுதிற்று. ஆட்சி மக்களுக்குப் பொறுப்புடையதாக இருக்க வேண்டும் என்றது. 1907-இல் திவானாக வந்த பி. இராஜகோபாலாச்சாரியே அதன் முதல் இலக்கானார். அவருடைய நிருவாகத்தை மட்டும் அன்று, தனி ஒழுக்கத்தையும் அது கடுமையாகத் தாக்கியது.

இராஜகோபாலாச்சாரி சென்னையிலிருந்து வந்த தமிழ்ப் பிராமணர். இங்கே தமிழ் மாணவராகிய நமக்கு ஒரு முள் தைக்கிறது. திருவிதாங்கூரின் பெரிய பதவிகளெல்லாம் வெளியிலிருந்து வந்த தமிழ்ப் பிராமணர்களுக்கே போகின்றன என்ற மனக்குறை நெடுநாளையது. 1891-இல் மகாராஜாவிடம் கொடுக்கப்பட்ட 'மலையாளி மெமோரியல்' என்னும் விண்ணப்பத்தில் 10,000-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அக்குறை நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்த அரசியலில் 'பரதேசி' என்ற சொல் புழங்கிற்று. மலையாளத்தில் அதற்கு 'வெளிநாட்டான்' என்பதே பொருள். தமிழில் அது பிச்சைக்காரனைக் குறிக்கும். சிறு வயதில் ஒரு கடைக்காரர் என் தந்தையை அப்படி அழைத்தபோது நான் அழுதேன், தந்தை சிரித்தார். "அவரு நம்ம ஊருக்காரன் இல்லன்னு சொல்லுதாரு மக்கா, வேற ஒண்ணும் இல்ல" என்றார். திவானும் பரதேசி, கம்பாசிட்டரும் பரதேசி. மேலே உள்ளவனை நோக்கி எறிந்த சொல் பிறகு கீழே உள்ளவன் மேல் வந்து விழுகிறது!

1910-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள். போலீசார் அச்சுக்கூடத்துக்குள் நுழைந்தனர். பத்திரிகை தடை செய்யப்பட்டது. யந்திரமும் அச்சகமும் பறிமுதல் ஆயின. ஆசிரியர் கைதானார், திருவிதாங்கூரை விட்டு வெளியேற்றப்பட்டார். வழக்கு இல்லை, விசாரணை இல்லை, வக்கீல் இல்லை. மகாராஜாவின் கட்டளை ஒன்றே போதுமானதாக இருந்தது. போலீஸ் காவலில் அவரைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் விட்டனர். அது பிரிட்டிஷ் இந்தியா. திருவனந்தபுரத்துக்கு அந்நாளில் இரயில் வரவில்லை. தெற்கே செல்லும் பெருவழி நெய்யாற்றங்கரையைத் தொட்டுக்கொண்டுதான் போகும். தாம் பிறந்த மண்ணைக் காவலர் நடுவே கடந்து சென்றவர் பிறகு உயிரோடு அதற்குத் திரும்பவில்லை. அவர் சென்ற அதே வழியில், எதிர்த்திசையில், எண்பது ஆண்டுகள் கழித்து என் தந்தை பேருந்தில் வந்து இறங்கினார்.

பிறகு அவர் வாழ்ந்தது ஐந்தரை ஆண்டுகளே. சென்னை, பாலக்காடு, கண்ணூர் என்று அலைந்தார். பாலக்காட்டில் எழுத்தாளர் தரவத்து அம்மாளு அம்மை அவர்கள் அவருக்கும் குடும்பத்துக்கும் புகலிடம் தந்தார். அலைச்சலிலும் பேனா ஓயவில்லை. நாடு கடத்தப்பட்ட வரலாற்றை 1911-இல் நூலாக எழுதினார். 1912-இல் பத்திரிகைத் தொழிலைக் கற்பிக்கும் 'விருத்தாந்த பத்திரப் பிரவர்த்தனம்' வந்தது. அதே ஆண்டில் காரல் மார்க்சின் வாழ்க்கை வரலாற்றையும் மலையாளத்தில் எழுதினார். இந்திய மொழி ஒன்றில் வந்த முதல் மார்க்சு வரலாறு அதுவே என்பர். ரஷ்யப் புரட்சிக்கு ஐந்து ஆண்டு முன்னரே! 1916 மார்ச்சு 28-ஆம் நாள் கண்ணூரில் நோயால் இறந்தார். வயது முப்பத்தேழு. பையாம்பலம் கடற்கரையில் அவர் நினைவிடம் இருக்கிறது.

அவர் மனைவி பி. கல்யாணி அம்மை ஆசிரியை, எழுத்தாளர். கணவர் இறந்த ஆண்டிலேயே தம் மணவாழ்க்கையின் நினைவுகளை எழுதி, 'வியாழவட்ட ஸ்மரணகள்' என்று பெயரிட்டார். விஞ்ஞான மாணவன் இங்கே சற்று மூக்கை நுழைக்க அனுமதி வேண்டும். வியாழன் ஞாயிற்றை ஒரு முறை சுற்றி வர 11.86 ஆண்டுகள் ஆகின்றன. நம் முன்னோர் அதைப் பன்னிரண்டு என்று வைத்து 'வியாழவட்டம்' என்றனர். 1904-இல் மணந்தவர் 1916-இல் இழந்தார், ஒரு வியாழவட்டம். பாடப் புத்தகத்தில் அந்த 11.86 எனக்கு ஓர் எண். அந்த அம்மையாருக்கோ அது ஒரு வாழ்நாள்.

இனி மௌலவியைப் பார்ப்போம். அவர் நாடு கடத்தப்படவில்லை. ஆகவே அவர் கதையில் நாடகம் இல்லை. யந்திரம் போயிற்று, போட்ட முதல் போயிற்று. விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் அச்சகம் திரும்பக் கிடைக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்களாம். தம் ஆசிரியரே இல்லாதபோது யந்திரம் எதற்கு என்ற கருத்தில் அவர் மறுத்துவிட்டதாகச் சொல்வர். 1906-இல் அவர் தொடங்கிய 'முஸ்லிம்' இதழும், 1918-இல் தொடங்கிய 'அல் இஸ்லாம்' இதழும், 1931-இல் தொடங்கிய 'தீபிகை'யும் அவருடைய உழைப்பின் பிற சான்றுகள். எதிலும் அவர் செல்வம் பெருகவில்லை. 1932-இல் மறைந்தார். பறிமுதல் செய்யப்பட்ட அச்சகம் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1968-இல், கேரள அரசால் அவர் குடும்பத்தாரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அதற்குள் மகாராஜாவும் இல்லை, திவானும் இல்லை, திருவிதாங்கூரும் இல்லை.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் இது பள்ளியில் நான் பரிசு வாங்கிய கதையாகவே இருந்திருக்கும். முதுகலை முதலாண்டில் ஒரு நாள் நூல் நிலையத்தில், நான் தேடிப் போகாத ஒரு நூலில், அக்கதையின் இன்னொரு பக்கம் கண்ணில் பட்டது.

1910-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் அரசு, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட புலையர் முதலிய வகுப்பாரின் குழந்தைகளை அரசுப் பள்ளிகளில் சேர்க்க வழி செய்தது. அதற்காகப் போராடியவர் அய்யன்காளி. அவரும் எங்கள் பக்கத்தவரே. நெய்யாற்றங்கரைக்கு அண்மையில் உள்ள வெங்ஙானூரில் 1863-இல் பிறந்தவர். தம் மக்கள் நடக்கக் கூடாது என்று விலக்கப்பட்டிருந்த பெருவழியில் 1893-இல் வில்வண்டி ஏறிச் சென்றவர். 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவியவர். பள்ளியில் எங்கள் பிள்ளைகளைச் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் எங்கள் கை படாது என்று உழவுத் தொழிலாளரை நிறுத்திக் காட்டியவர். ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியை அவர் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது மேல்சாதியார் அப்பள்ளியைக் கொளுத்தினர். அன்று எரிந்து கருகிய ஒரு பலகையை அப்பள்ளியில் இன்றும் போற்றி வைத்திருக்கிறார்கள். திருப்புறத்திலிருந்து அவ்வூர் வெகுதொலைவு இல்லை.

இந்தப் பள்ளிச் சேர்க்கையை 'சுதேசாபிமானி' எதிர்த்தது. 1910 மார்ச்சு மாதத்துத் தலையங்கத்தில் இராமகிருஷ்ண பிள்ளை, தலைமுறை தலைமுறையாக அறிவைப் பயிரிட்டு வந்தவர்களின் குழந்தைகளையும், நிலத்தைப் பயிரிட்டு வந்தவர்களின் குழந்தைகளையும் ஒரே வகுப்பில் உட்கார வைப்பது குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போன்றது என்ற கருத்தை எழுதினார். மார்க்சின் வரலாற்றை எழுதுவதற்கு இரண்டே ஆண்டு முன்னர்! அதைப் படித்த அன்று மாலை நான் ஆய்வுக்கூடத்துக்குப் போகவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிப் படியை முதலில் மிதித்தவர் என் தந்தை என்று மேலே சொன்னேன். நுகத்தடியில் எருமையின் பக்கம் எங்கள் பக்கம். வினாடி வினாவில் எனக்குப் பரிசு வாங்கித் தந்த வீரர் என்னைக் குதிரையின் பக்கத்தில் உட்கார விட்டிருக்க மாட்டார்.

இன்னும் ஒன்று. பள்ளிக் கதவைத் திறந்துவிட்ட அந்த ஆட்சிக்குத் திவான் யார்? அதே இராஜகோபாலாச்சாரி. அய்யன்காளி 1912-இல் பிரஜா சபையில் உறுப்பினராக அமர்ந்ததும் அவர் காலத்தில்தான். பத்திரிகையின் கதையில் கொடியவர். பள்ளிக்கூடத்தின் கதையில் துணை நின்றவர். ஆனால் இதனாலேயே திவான் நல்லவர் ஆகிவிட மாட்டார். விசாரணை இல்லாமல் ஒருவரை நாடு கடத்தியது அநீதியே. தலையங்கம் தவறு என்பதற்காக அச்சகத்துக்கு முத்திரை வைத்தது நியாயம் என்று வாதிட நான் ஒப்பேன். செப்டம்பரில் அச்சகத்தைப் பூட்டியது மார்ச்சுத் தலையங்கத்துக்காக அன்று, அதிகாரத்தைக் கேள்வி கேட்டதற்காக. அமிலத்தையும் காரத்தையும் கலந்தால் நடுநிலை வந்துவிடும் என்ற வேதியியல் கணக்கு மனிதரிடம் செல்லாது. இரண்டும் கலவாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

அதே நாட்களில் சென்னை இராயப்பேட்டையில் அயோத்திதாசப் பண்டிதர் ஒரு வார இதழ் நடத்தினார் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். 1907 ஜூன் 19-ஆம் நாள் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற பெயரோடு தொடங்கியது. மறு ஆண்டு 'தமிழன்' ஆயிற்று. 1914-இல் அவர் மறையும்வரை நடந்தது. பின்னர்க் கோலார் தங்க வயலில் அதற்கு மறுபிறப்பு உண்டாயிற்று. ஒடுக்கப்பட்டவர்களுக்காகப் பிறர் பரிந்து எழுதட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அய்யன்காளியின் சங்கத்தாரும் 'சாதுஜன பரிபாலினி' என்று தமக்கென ஓர் இதழ் கண்டனர். 'சுதேசாபிமானி'யின் வீரத்தைப் பாடும் நூல்களில் இவ்விதழ்களுக்கு ஒரு வரியாவது இடம் கிடைத்தால் நன்று. நம் நூல் நிலையத்தில் நான் பார்த்த நூல்களில் அந்த ஒரு வரி இல்லை.

சென்ற விடுமுறையில் தந்தையைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்து வந்திருந்தேன். பாளையத்தில் இராமகிருஷ்ண பிள்ளையின் சிலையைக் காட்டினேன். கேரள அரசு பத்திரிகையாளருக்கு வழங்கும் உயர்ந்த விருது அவர் பெயரையும் கேசரி பாலகிருஷ்ண பிள்ளையின் பெயரையும் தாங்கியது என்பதையும் சொன்னேன். பிறகு நூல் நிலையத்தில் படித்ததையும், குதிரை எருமைக் கதையையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. அவர் வேலை செய்த அச்சுக்கூடம் ஆப்செட் வந்த பிறகு மூடிப் போயிற்று. இப்போது புத்தகம் கட்டும் வேலை செய்கிறார். ஆனாலும் விரல்கள் இன்னும் ஸ்டிக்கைப் பிடித்திருப்பதுபோலவே வளைந்திருக்கும்.

கம்பாசிட்டரின் வேலையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அச்செழுத்து வெறும் ஈயம் அன்று. ஈயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்த உலோகம். ஈயம் தனித்திருந்தால் நசுங்கிவிடும். ஆன்டிமனி கடினம் தரும். உறையும்போது எழுத்தின் முனை சுருங்கி மழுங்காமலும் காக்கும். அத்தகைய எழுத்துகள் அறை அறையாகக் கிடக்கும். மலையாளத்தின் பழைய எழுத்து முறையில் கூட்டெழுத்துகள் மிகுதி. பல நூறு அறைகள் வேண்டும். ஆசிரியர் எழுதிய தாளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, நின்றபடியே, ஒவ்வோர் எழுத்தாக எடுத்துக் கோக்க வேண்டும். ஒரு தலையங்கத்துக்கு ஆயிரக்கணக்கான முறை கை போய்வர வேண்டும். வேகமாகப் படித்துத் தள்ளிவிட முடியாது. ஆசிரியர் ஒரு மூச்சில் எழுதியதைக் கம்பாசிட்டர் எழுத்தெழுத்தாகத் தொட்டாக வேண்டும்.

பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் தந்தை கேட்டார்:

"அந்தத் தலையங்கத்தக் கோத்தவன் யாருன்னு ஏதாவது புத்தகத்துல போட்டிருக்கா மக்கா?"

"இல்லை அப்பா."

"போட்டிருக்க மாட்டான்" என்றார். நெய்யாற்றங்கரைப் பேருந்து வந்து நின்றது. ஏறிக்கொண்டோம்.